கொட்டும் மழை, சீறும் அலை: குறுந்தூர டிரையத்லான் பந்தயத்தைத் தொடங்குவதா, நிறுத்துவதா?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையில் ஓய்வின்றி அடுத்தடுத்து முடிக்க வேண்டிய விளையாட்டு டிரையத்லான். மூன்றுமே பெரும்பாலும் திறந்தவெளியில் நடைபெறுவதால், மழை, காற்று, மின்னல், அலை, வெப்பம் ஆகிய அனைத்தும் பந்தயத்தின் போக்கைத் தீர்மானிக்கின்றன. ஒலிம்பிக் அரங்கிலேயே வானிலையால் பந்தய நேரமும் நாளும் மாற்றப்பட்டுள்ளன. இந்தியாவிலும் இந்த விளையாட்டில் ஆர்வம் பெருகிவரும் நிலையில், மோசமான வானிலையில் பந்தயம் எப்படி நடத்தப்படுகிறது, எப்போது நிறுத்தப்படுகிறது, பங்கேற்பவர் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

குறுந்தூர டிரையத்லான் என்றால் என்ன?

1974ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 46 பேர் பங்கேற்ற ஒரு சிறிய போட்டியே நவீன டிரையத்லானின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இது பதக்கப் போட்டியானது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 2006ஆம் ஆண்டு தோஹாவில் இடம்பெற்றது.

ஒலிம்பிக் தூரம் என்பது 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். இதில் சரிபாதி கொண்டது 'ஸ்பிரின்ட்' எனப்படும் குறுந்தூரப் பிரிவு: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். தேர்ந்த வீரர்கள் இதனை ஒரு மணி நேரத்திற்குள் முடித்துவிடுவர். புதிதாக வருபவர்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம்.

தூரம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று பலர் எண்ணுவது உண்டு. ஆனால் திறந்த நீர்நிலையில் நீந்திப் பழகாத புதியவர்கள் அதிகம் பங்கேற்பது இந்தப் பிரிவில்தான். வானிலை மோசமடையும் நாளில் அனுபவக் குறைவே பெரிய சிக்கலாக மாறுகிறது.

டோக்கியோவும் பாரிஸும் காட்டியது

2021 ஜூலை 27 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் டிரையத்லான் காலை 6.30 மணிக்குத் தொடங்குவதாக இருந்தது. நெபார்டக் புயலின் தாக்கத்தால் பெய்த மழையும் வீசிய காற்றும் காரணமாக 15 நிமிடம் தள்ளிவைக்கப்பட்டது. நனைந்த சாலையில் சிலர் சைக்கிளுடன் சறுக்கி விழுந்தனர். பிரிட்டனின் ஜார்ஜியா டெய்லர் பிரவுன் சைக்கிள் பகுதியின் இறுதிக் கட்டத்தில் டயர் பஞ்சரானபோதும் போராடி வெள்ளி வென்றார். பெர்முடாவின் ஃப்ளோரா டஃபி 1 மணி 55 நிமிடம் 36 விநாடிகளில் முடித்து, தமது நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றுத் தந்தார்.

பாரிஸில் சிக்கல் வேறு வடிவில் வந்தது. 2024 ஜூலை 26 அன்று தொடக்க விழாவின்போது பெய்த கனமழையால் கழிவுநீர் கலந்து, சேன் நதியின் நீர்த் தரம் கெட்டது. பயிற்சி நீச்சல்கள் ரத்து செய்யப்பட்டன. ஜூலை 30 அன்று நடைபெறவிருந்த ஆண்கள் போட்டி, தொடங்குவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்பு மறுநாளுக்கு மாற்றப்பட்டது. ஜூலை 31 காலை பெண்கள் போட்டி ஈரமான சாலைகளில் நடந்தது. கற்கள் பதித்த பாதையிலும் திருப்பங்களிலும் பலர் வழுக்கி விழுந்தனர். பிரான்ஸின் கசாண்ட்ர் போக்ரான் 1 மணி 54 நிமிடம் 55 விநாடிகளில் தங்கம் வென்றார். அதே நாளில் பின்னர் நடந்த ஆண்கள் போட்டியில் பிரிட்டனின் அலெக்ஸ் யீ, நியூசிலாந்தின் ஹேடன் வைல்டை வெறும் 6 விநாடி வித்தியாசத்தில் வென்றார். கலப்புத் தொடர் போட்டி ஆகஸ்ட் 5 அன்று நடைபெற்றது.

உலகின் மிகச் சிறந்த வீரர்கள், பல ஆண்டு ஏற்பாடு, பெரும் செலவு ஆகிய அனைத்தும் இருந்தும் வானிலைக்கு வழிவிட வேண்டியிருந்தது என்பதே இவ்விரு போட்டிகளும் தரும் பாடம்.

நீச்சல்: முதல் சில நிமிடங்களே முக்கியம்

டிரையத்லானில் மிக அதிகமான உயிரிழப்புகள் நீச்சலில்தான் நிகழ்கின்றன. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த போட்டிகளை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டு வெளியான மருத்துவ ஆய்வு, திடீர் மரணம், இதயத் துடிப்பு நின்று மீட்கப்பட்டவை, விபத்து மரணம் என மொத்தம் 135 நிகழ்வுகளைப் பதிவு செய்தது. அவற்றில் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. பாதிக்கப்பட்டோரின் சராசரி வயது ஏறத்தாழ 47. அவர்களில் 85 சதவீதம் பேர் ஆண்கள். ஒரு லட்சம் பங்கேற்பாளர்களுக்கு 1.74 என்ற விகிதத்தில் இந்நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. இது குறைவான எண்ணிக்கையே என்றாலும், பாதிப்பு எந்தப் பகுதியில் குவிகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

இதற்குக் காரணங்கள் பல. பந்தயம் தொடங்கும்போது படபடப்பு உச்சத்தில் இருக்கும். சுற்றிலும் நீந்துபவர்களின் கைகால்கள் இடிபடும். நீர் குளிர்ச்சியாக இருந்தால், உடல் அதில் இறங்கிய ஓரிரு நிமிடங்களில் மூச்சு தன்னிச்சையாக வேகமெடுக்கும். அப்போது ஓர் அலை முகத்தில் மோதினால் நீர் உள்ளே செல்லும்; மூச்சு திணறும்; அச்சம் தொற்றிக்கொள்ளும். நீரில் மூச்சை அடக்கும்போது இதயத் துடிப்பு குறைய வேண்டும் என்று உடல் உணர்த்துகிறது. குளிரும் பதற்றமும் அதே வேளையில் துடிப்பை வேகப்படுத்துகின்றன. இந்த இழுபறி, ஏற்கெனவே கண்டறியப்படாத இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்தாக முடியலாம்.

காற்று வீசும் நாளில் இன்னொரு தொல்லையும் உண்டு. நீரில் நீந்துபவரின் கண்கள் நீர்மட்டத்துக்கு வெகு அருகில் இருப்பதால், அரை மீட்டர் உயர அலைகூட வழிகாட்டும் மிதவையை மறைத்துவிடும். பாதை தவறி 750 மீட்டருக்குப் பதிலாக 900 மீட்டர் நீந்த நேரிடலாம். படகில் இருக்கும் உயிர்காப்பாளர்களுக்கும் அதே அலைகள் நீந்துபவர்களின் தலைகளை மறைக்கின்றன. இதனாலேயே, உயிர்காப்பாளரால் அனைவரையும் கண்காணிக்க இயலாத நிலையில் நீச்சலை நடத்தக் கூடாது என்பது பாதுகாப்பின் அடிப்படை விதியாகக் கொள்ளப்படுகிறது.

சிக்கலில் மாட்டிக்கொண்டவர் செய்ய வேண்டியது எளிது. மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்க வேண்டும். உதவி தேவையெனில் ஒரு கையை உயர்த்த வேண்டும். அருகிலுள்ள மிதவை, கயாக் அல்லது படகைப் பிடித்து ஓய்வெடுக்க விதிகள் அனுமதிக்கின்றன. அதன் துணையால் முன்னேறாத வரை தகுதி நீக்கம் கிடையாது. இதை அறியாமல், படகைத் தொட்டாலே போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று அஞ்சித் தொடர்ந்து போராடுபவர்கள் உள்ளனர்.

மழைக்குப் பின் நீரில் கலப்பது என்ன?

வானம் தெளிந்த பிறகும் மழையின் பாதிப்பு நீரில் தங்குகிறது. பல நகரங்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாய்களில் செல்கின்றன. பெருமழையில் அவை நிரம்பி வழிந்து ஆற்றிலும் ஏரியிலும் கலக்கின்றன. பாரிஸில் இதைத் தடுக்க 50,000 கன மீட்டர் கொள்ளளவு கொண்ட நிலத்தடித் தொட்டி கட்டப்பட்டது. நதியைத் தூய்மைப்படுத்தும் திட்டத்துக்குச் சுமார் 140 கோடி யூரோ செலவிடப்பட்டது. அப்படியிருந்தும் தொடர் மழையில் ஈ.கோலி பாக்டீரியாவின் அளவு, 100 மில்லி லிட்டருக்கு 1,000 என்ற வரம்பைத் தாண்டியது.

1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஓர் ஏரியில் நடந்த டிரையத்லானுக்குப் பின் ஏறத்தாழ நூறு பேர் நோய்வாய்ப்பட்டனர். லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் எலிக்காய்ச்சலே காரணம் எனக் கண்டறியப்பட்டது. பந்தயத்துக்கு முன் பெய்த கனமழை, விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரை ஏரிக்குள் அடித்து வந்திருந்தது. பருவமழைக் காலத்தில் எலிக்காய்ச்சல் பரவும் இந்தியாவுக்கு இது நேரடியாகப் பொருந்தும். உடலில் ஆறாத புண் இருப்பவர்கள் மழைக்குப் பிந்தைய நாட்களில் ஏரி, ஆற்று நீச்சலைத் தவிர்ப்பது நல்லது. பந்தயத்துக்குப் பின் காய்ச்சல் வந்தால், நீர்நிலையில் நீந்தியதை மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

ஈரச் சாலையில் சைக்கிள்

மழையில் அதிக விபத்துகள் நிகழும் பகுதி சைக்கிள். நெடுநாள் கழித்துப் பெய்யும் மழையின் தொடக்க நிமிடங்களில் சாலையில் படிந்துள்ள எண்ணெயும் தூசியும் நீருடன் கலந்து வழுவழுப்பாகின்றன. வெள்ளைக் கோடுகள், பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடிகள், பாலங்களின் இணைப்புத் தகடுகள், உதிர்ந்த இலைகள் ஆகியவற்றில் டயருக்குப் பிடிமானம் வெகுவாகக் குறைகிறது. விளிம்பைப் பிடிக்கும் பழைய வகை பிரேக்குகள் நனைந்தால் தாமதமாகவே செயல்படும். தேங்கிய நீருக்கு அடியில் குழி இருப்பதும் தெரியாது.

இந்நிலையில் பயிற்சியாளர்கள் வழக்கமாகக் கூறும் அறிவுரைகள் சில உண்டு: டயரில் காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைத்தல், திருப்பத்துக்கு முன்பே வேகத்தைத் தணித்தல், திருப்பத்தின் நடுவில் பிரேக் பிடிக்காதிருத்தல், முன்னால் செல்பவரிடமிருந்து கூடுதல் இடைவெளி விடுதல். பலத்த காற்றில், கைகளை முன்னால் நீட்டிப் படுத்தவாறு ஓட்டும் நிலையைத் தவிர்த்து, பிரேக்கை எட்டும் வகையில் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். அகலமான விளிம்பு கொண்ட பந்தயச் சக்கரங்களைப் பக்கவாட்டுக் காற்று எளிதில் தள்ளிவிடும்.

வேகத்தைக் குறைப்பதால் ஏற்படும் இழப்பு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 20 கி.மீ. கடக்க 40 நிமிடம் ஆகும். 27 கி.மீ. வேகத்தில் சுமார் 44½ நிமிடம். கவனத்துக்குக் கொடுக்கும் விலை நான்கரை நிமிடம் மட்டுமே. ஒருமுறை விழுந்தால் பந்தயமே முடிந்துவிடக்கூடும். தோள்பட்டை எலும்பு முறிந்தால் பல வாரங்கள் ஓய்வெடுக்க நேரிடும்.

காற்றைப் பற்றியும் ஒரு தவறான கணிப்பு உண்டு. போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று என்றால் இரண்டும் ஈடாகிவிடும் என்று பலர் நினைக்கின்றனர். 10 கி.மீ. தூரத்தை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் கடக்க 30 நிமிடம்; திரும்பும் 10 கி.மீ.யை 40 கி.மீ. வேகத்தில் கடக்க 15 நிமிடம். ஆக மொத்தம் 45 நிமிடம். காற்றில்லாத நாளில் 30 கி.மீ. வேகத்தில் 40 நிமிடமே ஆகியிருக்கும். எனவே காற்று நாளில் தமது வழக்கமான நேரத்தை எட்டியே தீர வேண்டும் என்று எதிர்க்காற்றில் முழு பலத்தையும் செலவிடுபவர், ஓட்டத்தில் அதற்கான விலையைக் கொடுக்க நேரிடும்.

ஓட்டம்: குளிரும் வெப்பமும்

நீரிலிருந்து நனைந்த உடலோடு சைக்கிளில் ஏறி, மழையிலும் காற்றிலும் பயணித்து ஓட்டத்துக்கு வரும்போது உடல் கணிசமான வெப்பத்தை இழந்திருக்கும். விரல்கள் விறைத்து, தலைக்கவசத்தின் கொக்கியைக் கழற்றுவதும் காலணி அணிவதும்கூடக் கடினமாகலாம். கட்டுக்கடங்காத நடுக்கம், பேச்சுக் குழறல், தடுமாற்றம், குழப்பம் ஆகியவை உடல் வெப்பநிலை ஆபத்தான அளவுக்குக் குறைவதன் அறிகுறிகள். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்றும் சோர்ந்து காணப்பட்டால், நிலைமை மோசமாகிறது என்றே கொள்ள வேண்டும்.

மோசமான வானிலை என்பது மழை மட்டும் அன்று. 2019 ஆகஸ்டில் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் முன்னோட்டப் போட்டியில், கடும் வெப்பம் காரணமாகப் பெண்கள் ஓட்டத்தின் தூரம் 10 கி.மீ.யிலிருந்து 5 கி.மீ.யாகக் குறைக்கப்பட்டது. 2016இல் மெக்சிகோவின் கோசுமெல் தீவில், முன்னிலையில் இருந்த ஜானி பிரவுன்லீ இலக்குக்குச் சில நூறு மீட்டர் முன்பு வெப்பத்தால் நிலைகுலைந்தார். அவருடைய அண்ணன் அலிஸ்டர், தமது வெற்றி வாய்ப்பைக் கைவிட்டுத் தம்பியைத் தாங்கிப் பிடித்து எல்லைக்கோட்டைக் கடக்கச் செய்தார்.

முடிவு எடுப்பவர் யார்?

உலக டிரையத்லான் அமைப்பின் விதிகளின்படி நடைபெறும் போட்டிகளில், தொழில்நுட்பப் பிரதிநிதி எனப்படும் அதிகாரி, மருத்துவப் பொறுப்பாளர், நீர்ப் பாதுகாப்புத் தலைவர் ஆகியோருடன் கலந்து இறுதி முடிவை எடுக்கிறார். அவர் முன் சில வழிகள் உள்ளன. தொடக்கத்தைத் தள்ளிவைக்கலாம். நீச்சல் தூரத்தைக் குறைக்கலாம். நீச்சலையே நீக்கி, ஓட்டம், சைக்கிள், மீண்டும் ஓட்டம் என்ற டூவத்லானாக மாற்றலாம். குறுந்தூரப் பிரிவில் இது பொதுவாக 5 கி.மீ., 20 கி.மீ., 2.5 கி.மீ. என அமையும். எதுவும் இயலாதபோது ரத்து செய்யலாம்.

மின்னலுக்கு விட்டுக்கொடுக்க இடமில்லை. இடியோசை கேட்கும் தொலைவில் இருப்பவர் மின்னல் தாக்கும் தொலைவிலும் இருக்கிறார் என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் அணுகுமுறை. கடைசி இடி கேட்ட பின் 30 நிமிடம் காத்திருந்தே மீண்டும் தொடங்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரப்படி, இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் மின்னல் தாக்கி 2,887 பேர் உயிரிழந்தனர்.

முடிவு தாமதமானால் அல்லது தகவல் உரியவரைச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கசப்பான சான்றுகள் உள்ளன. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 172 பேர் பங்கேற்ற 100 கி.மீ. மலை ஓட்டப் போட்டியில், திடீரென வீசிய சூறைக்காற்று, உறைய வைக்கும் மழை, ஆலங்கட்டி ஆகியவற்றில் சிக்கி 21 பேர் உயிரிழந்தனர். 2023 ஆகஸ்டில் அயர்லாந்தின் யூகல் நகரில் புயல் காரணமாக ஒருநாள் தள்ளிவைக்கப்பட்டு நடந்த நெடுந்தூர டிரையத்லானில், கடல் நீச்சலின்போது இருவர் உயிரிழந்தனர். நீச்சலுக்கு ஒப்புதல் வழங்கப்பட்டதா என்பது குறித்து அந்நாட்டுக் கூட்டமைப்புக்கும் அமைப்பாளர்களுக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்தது. 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் உள்ளது, அச்சொல் தொடக்கக் கோட்டில் நிற்பவரைச் சென்றடைகிறதா என்பது எவ்வளவு முக்கியம் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

இந்தியாவில் கவனிக்க வேண்டியவை

2025 ஜனவரியில் உத்தராகண்டின் ஹல்த்வானியில் நடந்த டிரையத்லானில்தான் 38ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளின் முதல் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. மணிப்பூரின் சரோங்பம் அதோபா மெய்தேய் அதை வென்றார். கோவாவில் 2019 முதல் நெடுந்தூரப் பந்தயமும் நடைபெற்று வருகிறது. 2024இல் அதனை மக்களவை உறுப்பினர் தேஜஸ்வி சூர்யா முடித்தபோது நாடு முழுவதும் பேசப்பட்டது.

மேலைக் குளிர்நாடுகளில் நீந்துபவர்கள் 'வெட்சூட்' எனப்படும் ரப்பர் உடை அணிகின்றனர். அது குளிரைத் தடுப்பதோடு உடலை மிதக்கவும் வைக்கிறது. குறுந்தூர, ஒலிம்பிக் தூரப் பந்தயங்களில் பொதுப் பிரிவினருக்கு நீரின் வெப்பநிலை 22 டிகிரி செல்சியஸை எட்டினால் இந்த உடைக்கு அனுமதி இல்லை. இந்தியக் கடல்நீர் பெரும்பாலும் அதைவிட வெப்பமாகவே இருக்கும். ஆகவே இங்கு நீந்துபவருக்கு மிதக்க உதவும் அந்தக் கூடுதல் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

இரண்டாவது, வானம் தெளிவாக இருந்தாலும் கடல் அமைதியாக இருக்கும் என்று சொல்ல இயலாது. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசும் புயல்காற்றால் எழும் அலைகள், ஆயிரக்கணக்கான கி.மீ. கடந்து வந்து, உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் கரையைத் தாக்குகின்றன. 'கள்ளக்கடல்' என்று மீனவர்கள் அழைக்கும் இந்நிகழ்வு குறித்து எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த 2024 மே மாதத்தில், கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர்.

ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் உயர் அலை எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. இந்திய வானிலை ஆய்வு மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான முன்னறிவிப்பையும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளையும் வழங்குகிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் 'தாமினி' செயலி, அருகில் மின்னல் தாக்கும் வாய்ப்பைத் தெரிவிக்கிறது. பந்தய நாள் அதிகாலையில் இம்மூன்றையும் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே தேவை. மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று அறிவிக்கப்பட்ட நாளில் 750 மீட்டர் கடல் நீச்சலும் கூடாது என்பதை எளிய அளவுகோலாகக் கொள்ளலாம்.

பங்கேற்பவர் எடுக்க வேண்டிய முடிவு

அமைப்பாளர்கள் பந்தயத்தை நடத்த முடிவு செய்தாலும், தொடங்குவதா வேண்டாமா என்ற இறுதி உரிமை பங்கேற்பவரிடமே உள்ளது. மாதக்கணக்கான பயிற்சி, கட்டிய நுழைவுக் கட்டணம், விடுதி, பயணச் செலவு, உடன் வந்த குடும்பத்தினர், சமூக ஊடகத்தில் சொல்லிவிட்ட இலக்கு ஆகியவை சேர்ந்து, கரையில் நிற்பவரை நீருக்குள் தள்ளுகின்றன. வானிலையால் பந்தயம் ரத்தானால் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்பது பல போட்டிகளின் நிபந்தனை. பதிவு செய்யும்போதே இதைப் படித்து அறிவது, பந்தய நாளில் பணத்தை எண்ணித் தவறான முடிவு எடுப்பதைத் தவிர்க்க உதவும்.

பதிவு செய்யும் முன் அமைப்பாளர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. நீச்சலை ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு? எத்தனை படகுகள், எத்தனை உயிர்காப்பாளர்கள்? மாற்றுப் பந்தயத் திட்டம் உள்ளதா? மின்னல் வந்தால் அனைவரும் ஒதுங்க இடம் எங்கே? ஆம்புலன்ஸும் இதயத் துடிப்பை மீட்கும் கருவியும் கரையிலேயே இருக்குமா? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாத பந்தயத்தில், வானிலை நன்றாக இருக்கும் நாளிலும் பங்கேற்பதை மறுபரிசீலனை செய்வதே நல்லது.

40 வயதைக் கடந்தவர்கள் முதல் பந்தயத்துக்கு முன் இதயப் பரிசோதனை செய்துகொள்வதும், குளத்தில் மட்டும் பழகியவர்கள் துணையுடன் திறந்த நீரில் சில முறையாவது நீந்திப் பார்ப்பதும் அவசியம். அதன் பிறகும் பந்தய நாளில் கரையில் நின்று கடலைப் பார்க்கும்போது மனம் ஒப்பவில்லையெனில் விலகிக்கொள்ளலாம். முடிவுப் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே 'தொடங்கவில்லை' என்று பதிவாகும். அதற்கு எந்தத் தண்டனையும் இல்லை, அடுத்த பந்தயத்தில் பங்கேற்கத் தடையும் இல்லை.